வில்ஃப் வீட்டுச் சூட்டைத் திருடியது யார்

செவ்வாய்க்கிழமை காலை வில்ஃப் ஓர்மராட், வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்க வேண்டிய தன் வீட்டு ரேடியேட்டர்கள் ஏழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஏழும் சில்லிட்டுக் கிடந்தன. சாதாரணச் சில்லிப்பு இல்லை. முன்னறையில் இருந்ததன்மேல் வைத்த கை அப்படியே ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்து சட்டென்று இழுத்துக்கொண்டார். ஜனவரியில் பர்ன்லி ஊர் நாய்கள் வாலை வயிற்றுக்கடியில் சொருகிக்கொண்டுதான் தெருவில் நடக்கும். அந்த நாய்களில் ஒன்றை வில்ஃப் வீட்டுக்குள் விட்டிருந்தால், தெருவே மேல் என்று கதவைப் பிராண்டியிருக்கும். முன்னறை வெப்பமானி பதினோரு டிகிரி காட்டியது. வாயைத் திறந்தால் புகை வந்தது.

"யாரோ கைவெச்சிருக்காங்க," என்றார் வில்ஃப், காலி வீட்டைப் பார்த்து.

முப்பத்தாறு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். ஒரு பொருள் தானாகக் கெட்டுப்போகும் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பால் திரிந்தால் கடைக்காரனைச் சந்தேகப்படுவார். மழை பெய்தால் வானிலை சொன்ன பெண்ணைச் சந்தேகப்படுவார். ஏழு ரேடியேட்டர்கள் ஒரே வாரத்தில் செத்துக் கிடந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இல்லாமல் இருக்க முடியுமா?

அதுவும் எந்த வாரம்! மனைவி பெரில் தபால் நிலைய வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். வியாழக்கிழமை அனுப்பிவிடுவார்கள். எங்கே அனுப்புவார்கள் என்பதுதான் கேள்வி. அன்று காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி அம்மாள் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். முன்னறை இருபத்தோரு டிகிரி இருந்தால் பெரில் வீட்டுக்கு. இல்லாவிட்டால் நேரே மோர்கம்பில் இருக்கும் அவள் தங்கை ஹில்டாவின் வீட்டுக்கு.

ஹில்டாவின் வீடு கடலைப் பார்த்த வீடு. உள்ளே நுழைந்தால் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். முன்பு ஒருமுறை மூன்று நாளைக்கென்று அங்கே போன பெரில் ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தாள். வந்தபோதும் பாதி ஆள்தான் வந்தாள், மீதி அங்கேயே சோபாவில் உட்கார்ந்திருக்கிறது என்று வில்ஃபுக்கு ஒரு சந்தேகம். இந்தமுறை போனால் முழு ஆளும் அங்கேயே தங்கிவிடும். அதற்குமேல் யோசிக்க அவருக்குத் தைரியமில்லை. ரேடியேட்டர் சாவியைத் தேடப் போனார்.

ரேடியேட்டரின் மேல்மூலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைச் சாவியால் அரைச்சுற்று திறந்தால் உள்ளே அடைபட்ட காற்று உஸ்ஸென்று வெளியேறும். பின்னாலேயே தண்ணீர் எட்டிப் பார்க்கும். உடனே மூடிவிட வேண்டும். காற்றுப் போய்விட்டால் சூடு வந்துவிடும் என்பது பர்ன்லியில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வில்ஃப் ஏழையும் திறந்தார். ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லை. ஆறு ரேடியேட்டர்கள் மரியாதையாக இரண்டு சொட்டு விட்டன. ஏழாவது, தார் மாதிரிக் கறுப்புத் தண்ணீரை அவர் மூக்கு, மூக்குக்கண்ணாடி, பின்னால் இருந்த சுவர்க் காகிதம் எல்லாவற்றின்மேலும் ஒரே பீச்சில் அடித்தது.

இத்தனை தண்ணீர் போனதும், சமையலறையில் தண்ணீரைக் காய்ச்சும் பாய்லரின் அழுத்தமுள் கீழே சரிந்துவிட்டது. குழாயைத் திறந்து மறுபடி ஏற்றினார். வெந்நீரை வீடெல்லாம் சுற்றிவிடும் பம்பைக் காதுவைத்துக் கேட்டார், தேனீ மாதிரி ரீங்கரித்தது. பாய்லர் குபீரென்று பற்றிக்கொண்டது. வில்ஃப் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். நாலு நிமிஷம். டக். நின்றுவிட்டது. அரைமணி கழித்து மறுபடி பற்றியது. நாலு நிமிஷம். டக். யாரோ வந்து காதில் "போதும்" என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

ஆக, பாய்லர் நல்ல பாய்லர். காற்று இல்லை, பம்பு ஓடுகிறது. மிச்சமிருப்பது சதி ஒன்றுதான்.

சதி என்றதும் ஹில்டாவின் முகம் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நைட்டி எடுக்க வந்தவள், வில்ஃப் குப்பைத்தொட்டியோடு பின்பக்கம் போயிருந்தபோது இந்த வீட்டில் தனியாகப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தாள். வில்ஃப் சமையலறையிலிருந்து பெரிலின் கேக் மாவை எடுத்து வந்து ரேடியேட்டர் திருகுகள் எல்லாவற்றின்மேலும் தூவி, பூதக்கண்ணாடியால் ரேகை தேடினார். ரேகை இருந்தது. நிறையவே இருந்தது. எல்லாம் அவருடைய கட்டைவிரல்.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரிலின் கட்டிலருகே ஹில்டா ஏற்கெனவே உட்கார்ந்து, நோயாளிக்கென்று வில்ஃப் முந்தின நாள் கொண்டுவந்த திராட்சையைத் தானே தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வில்ஃப், மூஞ்சியெல்லாம் கறுப்பு, கையெல்லாம் மாவு? சுரங்கத்துக்குள்ள பேக்கரி போட்டிருக்கியா?"

"ஞாயித்துக்கிழமை என் வீட்ல பன்னண்டு நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தே, ஹில்டா?"

"நைட்டி எடுத்தேன்."

"நாலு நைட்டிக்குப் பன்னண்டு நிமிஷமா? ஒண்ணுக்கு மூணு நிமிஷம் வருது."

"விரல் வெறைச்சுப்போச்சுப்பா. அலமாரியத் தெறக்கவே ஆறு நிமிஷம். மீன் கடையில ஐஸ் மேல படுத்திருக்கற மீனக் கொண்டுவந்து உன் வீட்ல விட்டா, அது போர்வை கேக்கும்."

பெரில் சிரிக்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பெட்டியத் தெறந்து பாத்தியா, வில்ஃப்?"

"பெட்டியில பாக்க என்ன இருக்கு? பதினெட்டுல இருக்கு. பதினெட்டுலதான் இருக்கும்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். வில்ஃப் அதைக் கவனித்தார். மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

பெட்டி என்று பெரில் சொன்னது நடைச்சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டை. வீடு சூடாகிவிட்டதா என்று முகர்ந்து பார்த்து, ஆகிவிட்டால் பாய்லரை நிறுத்தச் சொல்கிற வட்டமான சின்னக் கருவி. அந்த ஊரில் அதைத் திருப்பும் உரிமை வீட்டுத் தலைவனுக்கு மட்டும்தான். வேறு யாராவது தொட்டால் கிட்டத்தட்ட சொத்துத் தகராறு. வில்ஃபின் மகள் ஜானிஸ் பதினைந்து வயதில் ஒருநாள் அதை இருபத்துநாலில் வைத்துவிட்டாள். அன்று மாலையே வில்ஃப் அதைப் பதினெட்டுக்கு இறக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திருகி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். இப்போது ஜானிஸுக்கு வயது நாற்பத்தொன்பது, கனடாவில் இருக்கிறாள். பெட்டி இன்னும் பூட்டித்தான் இருந்தது.

வியாழக்கிழமைக்கு மட்டும் அவர் ஒரு பெரிய தியாகத்துக்குத் தயாராக இருந்தார். விடிந்ததும் பூட்டைத் திறந்து இருபத்தொன்றில் வைப்பார். ஆஸ்பத்திரி அம்மாள் தெருமுனை திரும்பியதும் பதினெட்டுக்கு இறக்கிவிடுவார். அதுதான் திட்டம். ஆனால் பாய்லர் பதினெட்டுக்கே வரமாட்டேன் என்கிறதே!

புதன்கிழமை காலை வில்ஃப் இரண்டு கம்பளிச் சட்டையும் ஒரு மேல்கோட்டும் பெரிலின் சால்வையும் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு காட்சியைக் கண்டார். ஒட்டுச்சுவர் வீட்டு டெரெக் சக்டன் தன் முன்னறை ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கையில்லாத பனியன், அரைக்கால் சட்டை. ஒரு தட்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தான். ஜனவரியில்! வெளியே பறவைகள் பறந்தபடியே உறைந்து விழுகிற குளிரில்!

வில்ஃப் டீயைக் கீழே வைத்தார். கிறிஸ்மஸ் முடிந்த கையோடு சக்டன் வீட்டில் இரண்டு ஆட்கள் வந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்களே. எந்தச் சுவரை? இந்த இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை! அவர்களை வைத்துச் சுவரைத் துளைத்து, ஓர்மராட் வீட்டுக் குழாயில் ஒரு குழாயைச் செருகி, சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான் இந்தப் பயல். இல்லாவிட்டால் மனுஷன் எதற்காக விசிறிக்கொள்கிறான்?

ஒரு கண்ணாடித் தம்ளரை நடைச்சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தார். அந்தப் பக்கம் பட்டுப் பட்டென்று ஏதோ வெடித்தது. காதும் கதகதவென்று இருந்தது. குற்றவாளியின் வீட்டுக்கு அருகில் வந்துவிட்டதால் ரத்தம் சூடேறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் சக்டனிடம் இரவல் வாங்கிய ஏணி பின்பக்கம் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

சக்டன் ஏணியையும் பார்த்தான், வில்ஃபையும் பார்த்தான். இப்போது சந்தேகம் அவன் முகத்தில். "நீயே திருப்பிக் குடுக்கறியா? ஏன்யா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"ஒரு நல்லது பண்ணினா ஏன்யா கேள்வி? உள்ள வரலாமா?"

"ஏணியோடவா?"

ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு வில்ஃப் உள்ளே நுழைந்தார். இரண்டாவது அடியில் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து கண் தெரியாமல் போயிற்று. துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒட்டுச்சுவரில் முதுகைச் சாய்த்தபடி ஒரு கறுப்பு இரும்பு அடுப்பு உட்கார்ந்திருந்தது. சின்ன ரயில் எஞ்சின் அளவு. உள்ளே கட்டைகள் பட்டுப் பட்டென்று வெடித்து எரிந்தன.

"எப்படி?" என்றான் சக்டன், பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. "புதுசு. இதப் பத்தவெச்சதுலேர்ந்து நான் காலுறையே போடல."

"இதுக்குப் பின்னால குழாய் எங்க போகுது?"

"எந்தக் குழாய்?"

"நடிக்காதே, டெரெக். என் வீட்டுச் சூடு ஒரு வாரமா காணாமப்போகுது. நீ பனியனோட நிக்கறே."

சக்டன் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சுவர் சுட்டதால் துள்ளி விலகி மறுபடி சிரித்தான். "உன் சூட்ட நான் திருடறேனா? எங்கடா வெச்சிருக்கே நீ சூட்ட, திருடறதுக்கு? வா, உன் வீட்டுக்கே போய்ப் பாப்போம்!"

இரண்டு பேரும் வில்ஃப் வீட்டு நடையில் வந்து நின்றார்கள். சக்டன் சுவரில் கையை வைத்தான். வில்ஃபின் கையையும் பிடித்து வைத்தான். அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டி மாதிரி இருந்தது சுவர். அந்தக் கதகதப்புக்கு நட்ட நடுவில் பூட்டிய பெட்டி.

"தெற," என்றான் சக்டன்.

டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட பயணி பையைத் துழாவுகிற மாதிரி வில்ஃப் மெதுவாகச் சாவி தேடினார். மூடியைத் திறந்தார். திருப்புகிற வட்டு பதினெட்டில் இருந்தது, சத்தியமாக. ஆனால் அதற்குள்ளிருந்த முள், வீட்டில் இப்போது இருபத்தேழு டிகிரி என்றது.

"என் அடுப்புக்கு முதுகக் காட்டிட்டு உன் பெட்டி குளிர்காஞ்சிட்டிருக்குய்யா," என்றான் சக்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அது ஸ்பெயின்ல இருக்கறதா நெனச்சிட்டிருக்கு. நான் கட்டை போடாதப்பதான் பாய்லர் வாயத் தெறக்கும், போட்டதும் இது 'போதும் போதும், வேர்க்குது'ன்னு சொல்லிடும். நீ அதைப் பூட்டி வேற வெச்சிருக்கே."

வில்ஃப் மூடியைச் சாத்தி, மறுபடி திறந்து முள்ளைப் பார்த்தார். பிறகு, "நீ வேணும்னே அடுப்ப அந்த எடத்துல வெச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

வட்டை ஒவ்வொரு எண்ணாக இருபத்தெட்டுக்குத் திருப்பினார். அந்த வீட்டின் வரலாற்றிலேயே அப்படியொரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. டக் என்றது பெட்டி. சமையலறையில் பாய்லர் குபீரென்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், நிற்கவே இல்லை. குழாய்கள் பசித்த வயிறு மாதிரி களகளவென்று இரைந்தன. சாயங்காலம் முன்னறை இருபதைத் தொட்டது. வில்ஃப் சால்வையைக் கழற்றினார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தம்மா வரும்," என்று விஷயத்தை முழுக்கச் சொன்னார் சக்டனிடம்.

"நீ கவலைப்படாதே. பெரிலுக்காக என் பங்குக்கு நானும் ஏதாவது பண்றேன்," என்றான் சக்டன்.

வில்ஃப் அப்போதே அந்தப் பேச்சைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சந்தேகப்படாமல் விட்டார், அது வினையாகிவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ரேடியேட்டரில் கை வைத்தார். ஆறிக்கொண்டிருந்தது. முன்னறை பத்தொன்பது. நடைக்கு ஓடினார். பெட்டியின் முள் முப்பத்திரண்டு! வட்டைக் கடைசிவரை, முப்பதுவரை திருப்பினார். பாய்லர் அசையவில்லை. சுவரைத் தொட்டால் விரல் சுட்டது. பக்கத்து வீட்டுக்குப் பாய்ந்தார்.

சக்டன் வெந்த நண்டு மாதிரிச் சிவந்து, இரண்டு கையிலும் கட்டைகளோடு நின்றான். "வா வா! விடியறதுக்கு முன்னாலேர்ந்து ரெட்டைப் பங்கு போட்டுட்டிருக்கேன். சுவர் வழியா உனக்கும் வருதா?"

"வருதுய்யா! கொலைகாரா! அணை அத!"

"இத அணைக்க மூணு மணி நேரமாகும். தண்ணி ஊத்தினா இரும்பு பொளந்துடும்." சக்டனுக்கு இப்போதுதான் உறைத்தது. கட்டைகள் கையிலிருந்து விழுந்தன. "ஐயோ. பெட்டி."

மணி பத்து இருபது. வில்ஃப் திரும்பி ஓடினார். முன்னறை பதினெட்டரை. மோர்கம்பும், கடலும், ஹில்டாவின் சோபாவும், அதில் பெரிலின் மீதிப் பாதியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பெட்டிக்குச் சூடு அதிகம். சூடு அதிகமானவர்களுக்கு என்ன செய்வார்கள்? உறைபெட்டியைத் திறந்தார். மூன்று வாரமாக அவர் உயிரைக் காப்பாற்றிய உறைந்த பட்டாணிப் பை ஒன்று பாக்கி இருந்தது. கொண்டுவந்து தெர்மோஸ்டாட்டின்மேல் அழுத்திப் பிடித்தார்.

டக்.

குபீர்.

பதினைந்து நிமிஷத்தில் பட்டாணி இளகிச் சொட்ட ஆரம்பித்தது. சக்டன் தன் வீட்டிலிருந்து இன்னொரு பையும், அது இளகியதும் ஒரு முழு உறைந்த கோழியும் கொண்டுவந்து கொடுத்தான். அதோடு இருக்கிற ஐஸெல்லாம் தீர்ந்தது. வில்ஃபின் ஒரு கை மரத்துப்போய் மறு கைக்கு மாறியது. வாசல் மணி அடித்தபோது சக்டன்தான் கதவைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த திருமதி அடேயெமி கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வெப்பமானியுமாக நடையில் நின்று, சுவரில் கோழியை அழுத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"தோள்ல அடிபட்டுச்சா, மிஸ்டர் ஓர்மராட்?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. சுவருக்குத்தான் காய்ச்சல்."

அந்த அம்மாள் பல வீடுகளைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்காமல் முன்னறைக்குப் போனார். வில்ஃப் கோழியை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கவும் முடியாமல், பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் தவித்தார்.

"இருபத்தொண்ணு," என்று குரல் வந்தது. "ரொம்ப நல்லாருக்கே. உங்க மனைவி சொன்ன அளவு சரியா இருக்கு."

"என் மனைவி சொன்ன அளவா? ஆஸ்பத்திரி விதி இல்லீங்களா?"

"நாங்க படிக்கட்டுக் கைப்பிடி, கட்டில் ஒசரம், இதெல்லாந்தாங்க பாப்போம். சூட்ட அளந்து பாருங்கன்னு கேட்டது அவங்க. 'என் வீட்டுக்காரர் பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டார், கழுத்துல அட்டை மாட்டினவங்க சொன்னா நம்புவார்'னாங்க."

கோழி கையிலிருந்து நழுவி விழுந்தது. ஹில்டாவைச் சந்தேகப்பட்டார், சக்டனைச் சந்தேகப்பட்டார், காற்றை, பம்பை, பாய்லரைச் சந்தேகப்பட்டார். சதி செய்தவளுக்குத் திராட்சை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்! ஆனால் அடுத்து வந்த நினைப்பு அதைவிட மோசம். இந்த வீடு இருபத்தொன்றைத் தொடாது என்று தெரிந்துதானே அந்த எண்ணைச் சொல்லியிருப்பாள்? மோர்கம்புக்குப் போக அவளே போட்ட வழியா இது?

"நான் தோத்துடணும்னு சொன்னாளா, இல்ல..."

"அத நீங்கதான் அவங்ககிட்ட கேக்கணும்," என்றார் திருமதி அடேயெமி, கோழியைத் தாண்டி அடியெடுத்து வைத்தபடி.

மூன்று மணிக்கு ஹில்டாவின் கார் வந்தது. பெரில் இரண்டு ஊன்றுகோலோடு உள்ளே வந்தாள். பெட்டி படுக்கை காரிலேயே இருந்தது. ஹில்டா வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். "வண்டிய அணைக்கல. எதுக்கும் இருக்கட்டும்," என்றாள்.

பெரில் நேரே ரேடியேட்டரிடம் போய் உள்ளங்கையை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டு உடம்பிலேயே இருந்தது. வில்ஃப் அந்தக் கோட்டுப் பித்தான்களைப் பார்த்தபடி நின்றார். ஐந்து பித்தான். ஒன்றிலும் அவள் கை போகவில்லை.

"சொல்லு, பெரில்," என்றார் கடைசியில். "என்னால முடியாதுன்னு தெரிஞ்சுதானே இருபத்தொண்ணுன்னு சொன்னே?"

பெரில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கில் இன்னும் கறுப்பு, முழங்கை வரைக்கும் ஈரம், சட்டையில் ஒட்டியிருந்த ஒரு பட்டாணி.

"இருபத்திரெண்டு கேக்கலாம்னுதான் இருந்தேன்," என்றாள். "நீ உசுர விட்டுடுவியோன்னு ஒண்ணக் கொறச்சேன்."

முதல் பித்தானைக் கழற்றினாள். பிறகு மற்ற நாலையும். கோட்டு வந்தது, அதற்குள்ளிருந்த கம்பளிச் சட்டையும் வந்தது. அந்த வீட்டில் ஜனவரியில் அவள் முழங்கைகளை வில்ஃப் பார்த்தது கல்யாணமான வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான்.

"ஹில்டா! அங்க நின்னு ஊருக்கெல்லாம் பெட்ரோல் புகை போடாதே. வண்டிய அணைச்சிட்டு என் துணிப்பெட்டிய எடுத்துட்டு வா. கதவச் சாத்து, சூடு போகுது."

வில்ஃப் டீ போட ஓடினார். சமையலறைக் கதவை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார். ஹில்டா துணிப்பெட்டியோடு நடையில் தெர்மோஸ்டாட்டைத் தாண்டும்போது அவள் கைகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டாமா?